நூற்றுக்கு எத்தனை பேர்?
குமரி மாவட்டத்து ஊர்களின் மக்கட்கணக்கு



நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை செல்லும் பேருந்தில் சன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். நகரம் எந்த இடத்தில் முடிகிறது, கிராமம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேருந்து பார்வதிபுரத்தைத் தாண்டுகிறது. சுங்கான்கடை வருகிறது. அப்புறம் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை. தென்னைகளுக்கு நடுவே ஒரு வீடு, வாழைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு, அதன் வாசலிலேயே ஒரு கடை. ஒரு வளைவில் கோவில், அடுத்த வளைவில் மாதா கோவில், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல். வீடுகள் நின்றுபோகும் இடம் என்று ஒன்றைக் காட்டவே முடியவில்லை. களியக்காவிளையில் இறங்கும்போது உங்கள் தாள் வெறுமையாகத்தான் இருக்கும்.

நம்மால் போட முடியாத அந்தக் கோட்டை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போட்டே ஆகவேண்டும். அது எப்படிப் போடுகிறது? போட்டபின் என்ன ஆகிறது? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நகரம் என்பது எது?

கணக்கெடுப்பின் விதிப்படி நகரம் இரண்டு வகை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி நகர நிர்வாகம் பெற்ற ஊர் முதல் வகை. அப்படிப்பட்ட நிர்வாகம் இல்லாவிட்டாலும் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றும் ஊர் இரண்டாம் வகை. மக்கள்தொகை குறைந்தது 5,000 இருக்கவேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வாழவேண்டும். முழுநேரமாக உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்கவேண்டும்.

இந்த விதியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர். 2001இல் அது 65 ஆயிற்று. 2011இல் 82ஐத் தாண்டியது! தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நகரத்தன்மை மிகுந்த மாவட்டம், நெல்வயலுக்கும் வாழைக்கும் ரப்பருக்கும் பேர்போன நம் குமரி மாவட்டம் என்றாகிவிட்டது.

வயல்களும் தோப்புகளும் பத்தே ஆண்டுகளில் நகரமாகிவிட்டனவா? அப்படியில்லை. முன்பு கிராமக் கணக்கில் இருந்த பல பேரூராட்சிகள் 2001இல் நகரக் கணக்கில் சேர்க்கப்பட்டன. குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஐம்பதுக்கும் மேல். ஆகவே எண் ஒரே தாவலில் ஏறிவிட்டது. மனிதர்கள் அதே வீட்டில், அதே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் வீட்டைச் சுற்றிப் போட்ட கோடுதான் இடம் மாறியது.

இந்த முதல் பாடத்தை மனத்தில் வையுங்கள். கோடு மாறினால் விழுக்காடு மாறும்.

இரண்டு கூடை வாழைப்பழம்

ஒரு சிறு கணக்கு. தோவாளையிலிருந்து ஒரு கூடை வருகிறது. அதில் 90 மட்டிப்பழம், 10 செவ்வாழை. திருவட்டாறிலிருந்து இன்னொரு கூடை வருகிறது. அதில் 10 மட்டி, 90 செவ்வாழை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கெடுத்தால் மட்டி 100, செவ்வாழை 100. அதாவது சரிபாதி.

"எங்கள் கடையில் இரண்டும் சரிபாதி" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் எந்தக் கூடையில் கைவிட்டாலும் சரிபாதி கிடைக்காது. மொத்தத்தின் விழுக்காடு வேறு, பகுதிகளின் விழுக்காடு வேறு.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இதில் இந்துக்கள் 48.65 விழுக்காடு. கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு. முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. (2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011ஆம் ஆண்டு எண்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.)

இதைப் படிப்பவர், மாவட்டத்தின் எந்த ஊருக்குப் போனாலும் இரு சமயத்தார் ஏறக்குறையச் சமமாக இருப்பார்கள் என்று நினைத்துவிடக்கூடும். கூடைக் கணக்கை மறந்தவர் அவர்! மாவட்டத்தின் தலைநகரை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். 2011இல் நாகர்கோவில் நகராட்சியாக இருந்தது. (2019இல்தான் மாநகராட்சி ஆயிற்று.) அதன் மக்கள்தொகை 2,24,849. அங்கே நூற்றுக்கு இந்துக்கள் சுமார் 61 பேர், கிறித்தவர்கள் சுமார் 30 பேர், முஸ்லிம்கள் சுமார் 9 பேர்.

மாவட்டத்தின் படமும் அதன் தலைநகரின் படமும் ஒன்றாக இல்லை. சரி, நாகர்கோவிலை நீக்கிவிட்டால் மிச்ச மாவட்டம் எப்படி இருக்கும்? இதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். கழித்தல் தெரிந்தால் போதும்.

மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 9,09,900. நாகர்கோவிலில் ஏறத்தாழ 1,37,200. மிச்சம் 7,72,700.

மாவட்டத்தில் கிறித்தவர்கள் ஏறத்தாழ 8,76,300. நாகர்கோவிலில் ஏறத்தாழ 67,500. மிச்சம் 8,08,800.

நாகர்கோவிலுக்கு வெளியே வாழ்பவர்கள் மொத்தம் 16,45,525 பேர். வகுத்துப் பாருங்கள். இந்துக்கள் 47 விழுக்காடு, கிறித்தவர்கள் 49 விழுக்காடு. வரிசை தலைகீழாகிவிட்டது!

முஸ்லிம்களின் கணக்கு இன்னும் சுவையானது. மாவட்டத்து மக்களில் எட்டில் ஒருவர்தான் நாகர்கோவிலில் வாழ்கிறார். ஆனால் மாவட்டத்து முஸ்லிம்களில் நான்கில் ஒருவர் அங்கே வாழ்கிறார். வாணிகம் செய்த சமூகங்கள் சந்தை உள்ள ஊர்களில் கூடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம்தான். கோட்டாறு மிகப் பழைய சந்தை ஊர் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

"மாவட்டத்தில் பெரும்பான்மையினர் யார்?" என்று ஒருவர் கேட்டால், "எந்தக் கோட்டுக்குள்?" என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

ஊருக்கு ஊர் ஏன் வேறுபாடு?

ஒவ்வொரு ஊரின் விழுக்காட்டுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் நெல் விளையும் நாஞ்சில் நாடு. சுசீந்திரம் போன்ற பெருங்கோவில்களைச் சுற்றி, கோவில் நிலங்களை நம்பி வளர்ந்த ஊர்கள் இங்கே மிகுதி. நாகர்கோவிலின் பெயரே நாகராஜர் கோவிலால் வந்தது.

கடற்கரைக்குப் போனால் படம் மாறுகிறது. 1544இல் பிரான்சிஸ் சேவியர் இக்கடற்கரை ஊர்களில் நடந்து மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். முட்டம், கடியபட்டணம், குளச்சல் போன்ற ஊர்களின் மீனவர்கள் இன்றும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களே. குளச்சல் துறைமுக ஊர் ஆகையால் அங்கே முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்கின்றன.

உள்நாட்டுப் பகுதியில் நடந்தது வேறு கதை. 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். 1818இல் மீட் பாதிரியார் நாகர்கோவிலைத் தம் பணிக்கு மையமாக்கினார். பள்ளிகள் தோன்றின. அக்காலத் திருவிதாங்கூரில் பல சாதியினர் கோவிலுக்குள் நுழையக்கூடாது. அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியக்கூடாது. மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டுகள் நடந்த போராட்டத்துக்குப் பின் 1859இல்தான் அரசு அதற்கு இடம் கொடுத்து ஆணையிட்டது. மதிப்போடு வாழவும் எழுத்தறிவு பெறவும் வழி தேடிய பலர் கிறித்தவத்தில் சேர்ந்தனர். அதே காலத்தில் அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் சமத்துவத்தைப் போதித்தார். அவரைப் பின்பற்றியோரும் ஏராளம்.

தக்கலையில் பீர் முகம்மது அப்பா என்ற சூஃபி ஞானியின் தர்கா இருக்கிறது. தமிழில் பாடிய ஞானி அவர். அருகிலுள்ள திருவிதாங்கோட்டில் மிகப் பழைய மாதா கோவில் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் நாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊரும் அதுவே.

ஆக, வயல், கடல், சந்தை, அரண்மனை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றும் தனக்கேற்ற மக்களை ஓரிடத்தில் சேர்த்தது. இவற்றையெல்லாம் கலந்து கொட்டிய கூடைதான் மாவட்ட விழுக்காடு.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

கோடு மாறினால் எண் மாறும் என்று பார்த்தோம். தலைப்பு மாறினாலும் எண் மாறும்.

அமெரிக்காவில் 1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்தே மக்களை 'இனம்' பார்த்துப் பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. அங்கே குடியேறிய இந்தியர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் அவருடைய இனம் 'இந்து' என்று எழுதப்பட்டது. அவர் சீக்கியராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் அதே 'இந்து'தான்! 1970இல் அதே மனிதர் 'வெள்ளையர்' பட்டியலில் சேர்க்கப்பட்டார். 1980இல் 'ஆசிய இந்தியர்' ஆனார். நாற்பது ஆண்டுகளில் மூன்று இனம்! அவருடைய தோலோ மூக்கோ மாறவில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுதான் மாறியது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி, மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து, அந்த எண்ணைக் கொண்டு இந்திய மக்களை இனங்களாகப் பிரிக்கலாம் என்று நம்பினார். பிற்கால அறிவியல் இதை ஏற்கவில்லை. 1972இல் லெவான்டின் என்ற மரபியல் அறிஞர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மனிதர்களுக்கு இடையே காணப்படும் மரபணு வேறுபாடுகளில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 'இனம்' என்று சொல்லப்படும் பெரும் பிரிவுகளுக்கு இடையே உள்ளது மிகச் சிறு பங்குதான் என்றார் அவர். சுருங்கச் சொன்னால், உங்களுக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள வேறுபாடே பெரிது.

நம் மாவட்டத்திலும் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

அய்யாவழியினரில் பலர் தங்கள் வழியைத் தனி வழியாகவே கருதுகிறார்கள். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் தனி எண் கொடுக்கப்பட்டவை இந்து, முஸ்லிம், கிறித்தவம், சீக்கியம், பௌத்தம், சமணம் ஆகிய ஆறு சமயங்கள் மட்டுமே. எனவே அய்யாவழியினர் பெரும்பாலும் இந்துக்கள் என்றே எழுதப்படுகிறார்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு. 2011இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. குமரி மாவட்டத்தில் 4 விழுக்காடு மட்டுமே. ஏன் இவ்வளவு குறைவு? ஒரு காரணம் சட்டத்தின் தலைப்பில் இருக்கிறது. பட்டியல் சாதியினராக எண்ணப்பட இந்துவாகவோ சீக்கியராகவோ பௌத்தராகவோ இருக்கவேண்டும். கிறித்தவரான குடும்பம் அந்தப் பட்டியலில் வராது. ஒரே பாட்டனாரின் பேரர்கள் இருவர் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தும் இருவேறு தலைப்புகளில் எண்ணப்படலாம்.

'கிறித்தவர்' என்ற ஒரே தலைப்பின் கீழும் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், இரட்சண்ய சேனையார், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பலர் உண்டு. 'இந்து', 'முஸ்லிம்' என்ற தலைப்புகளுக்குள்ளும் அப்படியே.

எண் ஊரை மாற்றியதும், மனத்தை மாற்றியதும்

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இந்த மாவட்டம் பிறந்ததே ஒரு கணக்கால்தான்.

மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது எந்தப் பகுதியில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று தாலுகா வாரியாகப் பார்த்தார்கள். தமிழ் பேசுவோர் மிகுந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டின் மேற்கு ஓரத்தில் மலையாளம் பேசிய குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் கேரளத்தில் தங்கின. தாலுகாவை அலகாகக் கொள்ளாமல் கிராமத்தை அலகாகக் கொண்டிருந்தால் எல்லைக்கோடு வேறுவிதமாக வளைந்திருக்கும். எந்த அலகை எடுத்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிலர் மிஞ்சத்தான் செய்வார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் மறக்கக்கூடாது. 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கோவில் திருவிழாவின்போது இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதல் கடலோர ஊர்களுக்குப் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அதுவரை ஒரே சந்தையில் மீன் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அஞ்சினார்கள். அரசு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது.

இத்தகைய மோதல்களுக்குக் காரணங்கள் பல. ஆனால் எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட வேளையில் ஒரு பேச்சு கிளம்பும். "அவர்கள் தொகை ஏறிவிட்டது, நம் தொகை இறங்கிவிட்டது" என்பதே அது. அந்தப் பேச்சில் ஒரு விழுக்காடும் கட்டாயம் இருக்கும். எந்தக் கோட்டுக்குள், எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் எடுத்த விழுக்காடு என்பது மட்டும் இருக்காது. எண்ணைப் படிக்கத் தெரியாதவரை அந்த எண்ணைக் காட்டியே அச்சுறுத்திவிடலாம்.

அதனால் கணக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. எத்தனை குழந்தைகள் என்று தெரியாமல் எத்தனை பள்ளி கட்டுவது? எந்தக் கடற்கரையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று தெரியாமல் எங்கே மருத்துவமனை வைப்பது? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் தாக்கியபோது உதவி எவருக்கெல்லாம் போகவேண்டும் என்பதற்கும் கணக்குதானே வழிகாட்டவேண்டியிருந்தது? யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களுக்கு உரியதைக் கொடுக்க முடியாது. 2027இல் நடத்த அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பில் எல்லாருடைய சாதி விவரமும் கேட்கப்படும் என்று 2025இல் நடுவணரசு முடிவு செய்தது. 1931க்குப் பிறகு இந்தியா முழுவதுக்கும் அத்தகைய பட்டியல் வெளியாகவில்லை. புதிய எண்கள் வரும்போது அவற்றைப் படிக்கப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களாகிய நீங்கள்.

மூன்று கேள்விகள்

ஆகவே ஊர்களைப் பற்றியோ மக்களைப் பற்றியோ எந்த விழுக்காட்டைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. எந்த எல்லைக்குள்? மாவட்டமா, தாலுகாவா, நகரமா, வார்டா?

2. எந்தத் தலைப்பில்? அந்தத் தலைப்பை வகுத்தவர் யார்? அதில் அடங்காமல் போனவர் யார்?

3. எந்த ஆண்டில்? இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால், இரண்டிலும் எல்லையும் தலைப்பும் ஒன்றுதானா?

மூன்றுக்கும் விடை கிடைத்தபின் அந்த எண்ணை நம்பலாம். அதற்கு முன் அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் "உன் பாட்டி எந்த ஊரில் பிறந்தார்?" என்று கேட்டு எழுதுங்கள். முதலில் 'நம் ஊர், வெளியூர்' என்ற இரண்டே தலைப்பில் விழுக்காடு காணுங்கள். பிறகு 'நம் தாலுகா, வேறு தாலுகா' என்று தலைப்பை மாற்றிக் காணுங்கள். அடுத்து 'நம் மாவட்டம், வேறு மாவட்டம்' என்று காணுங்கள். பாட்டிமார் யாரும் இடம் மாறவில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் 'வெளியார்' எத்தனை பேர் என்ற எண் ஒவ்வொரு முறையும் மாறும். அடுத்த வகுப்பையும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு முறை மாறும். அட்டவணையை வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, முதலில் ஏறிய அந்தப் பேருந்துக்கே திரும்புவோம். நாகர்கோவிலில் ஏறும்போது தம் சமயத்தார் அதிகம் உள்ள ஊரில் இருந்த ஒருவர், கடற்கரையில் இறங்கும்போது அங்கே சிறுபான்மையினர் ஆகிவிடுகிறார். கடற்கரையிலிருந்து நாகர்கோவிலுக்கு மீன் விற்க வரும் அம்மாவுக்கும் அப்படியே. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நம் மாவட்டத்தில் எல்லாருமே எங்கோ ஓரிடத்தில் சிறுபான்மையினர்தான். அந்தப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நகர்ந்து இடம்விட எந்த விழுக்காடும் தேவைப்படுவதில்லை.